கணக்கு முதலில், குழாய் பிறகு

தரைக்கு அடியில் வெந்நீர் ஓடும் வீட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நானும் பார்த்ததில்லை. ஆனால், அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்காக எங்கள் கல்லூரி வகுப்பறையில் கரும்பலகை நிறையக் கணக்குப் போட்டிருக்கிறேன். அந்தக் கணக்கிலிருந்து எனக்குத் தோன்றிய ஒரு கருத்தை மாணவ நண்பர்களாகிய உங்கள் முன் வைக்கவே இதனை எழுதுகிறேன்.

என்னிடம் இயற்பியல் பயின்ற மாணவர் ஒருவர் இப்போது தெற்கு ஜெர்மனியில் ஒரு கணிப்பொறி நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். அங்கே பழைய செங்கல் வீடு ஒன்றை வாங்கினார். பேரக் குழந்தையைக் காண அவருடைய தாயார் முதன்முறையாகக் கடல் கடந்து வரவிருந்தார். அவருக்காக ஓர் அறையை ஒதுக்கி, பழைய தரையைப் பெயர்த்து, வெந்நீர்க் குழாய்களைப் பதித்துப் புதுத் தரை போடச் செய்தார். டிசம்பர் மாதம் ஓர் இரவு, வெளியே வெப்பநிலை நீரின் உறைநிலைக்கும் 12 டிகிரி கீழே இறங்கியது. மறுநாள் எனக்கு ஒரு செய்தி வந்தது:

"சார், தரை 29 டிகிரி காட்டுகிறது. கொதிகலனும் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அறை 17 டிகிரியை எட்டவே மறுக்கிறது. ஜனவரியில் அம்மா வருகிறார்கள். எங்கே தவறு?"

தவறு கொதிகலனிலும் இல்லை, குழாயிலும் இல்லை. போடாமல் விட்ட ஒரு கணக்கில் இருந்தது. அது நீங்கள் பள்ளியில் படிக்கும் கணக்குதான்.

பழைய எண்ணம், புதிய குழாய்

தரையைச் சூடாக்கி அறையைச் சூடாக்குவது புதிய எண்ணம் அன்று. பண்டைய ரோமானியர்கள் தங்கள் குளியல் மாளிகைகளில் தரையைச் சிறு தூண்களின் மேல் நிறுத்தி, அடியில் அடுப்பின் சூடான காற்றைச் செலுத்தினார்கள். கொரிய மக்கள் சமையலறை அடுப்பின் புகையைப் படுக்கையறையின் கல் தரைக்கு அடியில் ஓடவிட்டு, மறுபுறம் புகைபோக்கி வழியாக வெளியேற்றினார்கள். இதற்கு 'ஒந்தோல்' என்று பெயர். கொரியர்கள் தரையிலேயே உட்கார்ந்து, தரையிலேயே உண்டு, தரையிலேயே படுத்து உறங்கும் பழக்கம் உடையவர்கள். ஆகவே சூடான தரை அவர்கள் வாழ்க்கைக்கு மிகப் பொருந்தியது.

ஆனால் அதில் ஓர் ஆபத்தும் இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் விறகுக்குப் பதிலாக நிலக்கரிக் கட்டிகளை எரிக்கத் தொடங்கியபோது, தரையின் வெடிப்புகள் வழியாகக் கார்பன் மோனாக்சைடு வாயு அறைக்குள் கசிந்து, உறக்கத்திலேயே பலர் உயிரிழந்தனர். எரிவது வேறிடத்தில், சூட்டைச் சுமந்து வருவது நீர் என்று ஆனபோதுதான் அந்த ஆபத்து பெரிதும் நீங்கியது. இன்று தென் கொரியாவின் அடுக்குமாடி வீடுகளில் தரைக்கு அடியில் ஓடுவது வெந்நீரே.

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாய்ட் ரைட், டோக்கியோவில் கொரிய முறையில் அமைந்த ஓர் அறையில் அமர்ந்து வியந்தார். 1937இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மாடிசன் நகரில் கட்டி முடிக்கப்பட்ட சிறு வீடொன்றில் தரைக்கு அடியில் இரும்புக் குழாய்களை அவர் அமைத்தார். இரும்பு துருப்பிடிக்கும். பின்னர் 1960களில், மூலக்கூறுச் சங்கிலிகளைக் குறுக்காகப் பிணைத்து வலுவூட்டிய பாலிஎதிலீன் குழாய் ஐரோப்பாவில் உருவானது. வளைத்துப் பதிக்க எளிதான, துருப்பிடிக்காத இந்தப் பிளாஸ்டிக் குழாய்தான் தரை வெப்பத்தைச் சாதாரண வீடுகளுக்கும் கொண்டுவந்தது.

குறைந்த வெப்பநிலை, பெரிய பரப்பு

ஒரு மெழுகுவத்திச் சுடரின் வெப்பநிலை மிக அதிகம். ஒரு அண்டா வெந்நீரின் வெப்பநிலை அதைவிட மிகக் குறைவு. ஆனால் எதில் வெப்பம் அதிகம் இருக்கிறது? அண்டாவில்தான். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்னும் இந்தப் பாடமே தரை வெப்பத்தின் அடிப்படை.

ஐரோப்பிய வீடுகளில் ஜன்னலுக்குக் கீழே ரேடியேட்டர் என்னும் இரும்புப் பெட்டி இருக்கும். அது சிறியது. ஆகவே அறைக்கு வேண்டிய வெப்பத்தைத் தர அதற்குள் 60, 70 டிகிரி வெந்நீர் ஓட வேண்டும். அதைத் தொட்ட காற்று சூடாகி மேலே சென்று கூரையடியில் தங்குகிறது. தலை சூடாக இருக்கும், கால் குளிரும். தரையோ அறையிலேயே மிகப் பெரிய பரப்புகளில் ஒன்று. பரப்பு பெரிதானால் வெப்பநிலை குறைவாக இருந்தால் போதும். தரையின் வெப்பத்தில் பெரும்பகுதி கதிர்வீசலாகச் சுவர்களுக்கும் மனிதர்களுக்கும் நேரே செல்கிறது.

ஆனால் தரைக்கு ஓர் எல்லை உண்டு. நடமாடும் அறையில் தரையின் மேற்பரப்பு 29 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று ஐரோப்பியத் தர விதி கூறுகிறது. அதற்கு மேல் போனால் காலுக்கு வேதனையாகிவிடும். அறைக்கும் தரைக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் ஒரு சதுர மீட்டர் தரை ஏறத்தாழ 11 வாட் வெப்பத்தைத் தரும். அறை 20 டிகிரி, தரை 29 டிகிரி எனில் வேறுபாடு 9. ஆகவே ஒரு சதுர மீட்டர் தரக்கூடியது ஏறத்தாழ 100 வாட். இதற்கு மேல் கேட்டால் தரையால் தர இயலாது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரும்பலகையில் ஒரு வீடு

மாணவரிடம் அறையின் வரைபடத்தை அனுப்பச் சொன்னேன். மறுநாள் வகுப்பில் அதைக் கரும்பலகையில் வரைந்தோம். அறை 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2½ மீட்டர் உயரம். இரண்டு சுவர்கள் வெளிப்புறம் பார்த்தவை. மேலே சூடாக்கப்படாத பரண். உள்ளே 20 டிகிரி வேண்டும், வெளியே உறைநிலைக்குக் கீழே 12. ஆக வேறுபாடு 32 டிகிரி.

ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே, இரு புறமும் 1 டிகிரி வேறுபாடு இருக்கும்போது எத்தனை வாட் வெளியேறுகிறது என்பதை அப்பரப்பின் 'கசிவு எண்' என்று வைத்துக்கொள்வோம். பழைய செங்கல் சுவருக்கு இது சுமார் 1.5. பழைய இரட்டைக் கண்ணாடி ஜன்னலுக்கு 2.8. வெப்பக் காப்பு இல்லாத மரக் கூரைக்குச் சுமார் 1. பரப்பையும் கசிவு எண்ணையும் வெப்பநிலை வேறுபாட்டையும் பெருக்கினால் இழப்பு கிடைத்துவிடும்.

சுவர், 18½ சதுர மீட்டர்: 888 வாட்.
ஜன்னல், 4 சதுர மீட்டர்: 358 வாட்.
கூரை, 20 சதுர மீட்டர்: 640 வாட்.

காற்றை மறந்துவிடக் கூடாது. இடுக்குகள் வழியாக மணிக்கு ஒரு முறை அறையின் காற்று முழுவதும் மாறுவதாகக் கொள்வோம். 50 கன மீட்டர் காற்று. ஒரு கன மீட்டர் காற்றை 1 டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1200 ஜூல் வேண்டும். 32 டிகிரிக்குக் கணக்கிட்டு 3600 வினாடியால் வகுத்தால் 533 வாட்.

மொத்தம் ஏறத்தாழ 2420 வாட்.

இனித் தரையைப் பார்ப்போம். 20 சதுர மீட்டரில் 4 சதுர மீட்டரைச் சுவரோடு பதித்த அலமாரிகள் பிடித்துக்கொண்டன. எஞ்சிய 16 சதுர மீட்டர் தரக்கூடியது 1600 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. செலவு 2420, வரவு 1600! இந்த வரவு செலவில் அறை எப்படி 20 டிகிரிக்கு வரும்?

அப்படியானால் எந்த வெப்பநிலையில் வரவும் செலவும் சமமாகும்? பின் வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து வந்து சமன்பாடு எழுதினாள். தரை தருவது 176ஐ, 29க்கும் அறை வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டால் பெருக்கிய தொகை. வீடு இழப்பது 75.6ஐ, அறைக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாட்டால் பெருக்கிய தொகை. இரண்டையும் சமப்படுத்தினால் விடை 16.7 டிகிரி. வெப்பமானி 17ஐ எட்ட மறுத்தது ஏன் என்பது விளங்கியது. 7000 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஓர் அறையின் குளிரை ஒரு சுண்ணக்கட்டி சொல்லிவிட்டது. அன்று வகுப்பில் எழுந்த ஆரவாரத்தை நான் மறக்கமாட்டேன்.

முதலில் ஓட்டையை அடை

"வெந்நீரை இன்னும் சூடாக்கினால் என்ன?" என்று ஒரு மாணவன் கேட்டான். 16 சதுர மீட்டரிலிருந்து 2420 வாட் வேண்டுமானால் தரை ஏறத்தாழ 34 டிகிரிக்குப் போக வேண்டும். தர விதியின் எல்லையை அது 5 டிகிரி தாண்டுகிறது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் வேகமாக ஊற்றுவதா, ஓட்டையை அடைப்பதா?

இழப்புப் பட்டியலைப் பாருங்கள். சுவரை மாற்றப் பணமும் காலமும் வேண்டும். ஆனால் பரணில் காப்புப் பஞ்சைத் தடிமனாக விரிப்பது எளிது. அதனால் கூரையின் கசிவு எண் 0.2க்கு இறங்கி, 640 வாட் 128 ஆகிவிடும். ஜன்னல், கதவு இடுக்குகளை அடைத்துக் காற்று மாற்றத்தைப் பாதியாக்கினால் 533 வாட் 266 ஆகும். சுவாசிக்கப் புதுக் காற்று வேண்டும் என்பதால் முழுவதும் அடைத்துவிடக் கூடாது. இந்த இரண்டு வேலைகள் மட்டும் முடிந்தால் அதே தரை, அதே 29 டிகிரியில், அறையை 19.7 டிகிரிக்கு உயர்த்தும் என்று கணக்கிட்டு அனுப்பினோம்.

இரண்டு வார இறுதிகளில் அவரே அதைச் செய்து முடித்தார். ஜனவரியில் மீண்டும் அதேபோல் ஓர் இரவு வந்தது. அடுத்த நாள் காலை வந்த படத்தில் வெப்பமானி 19½ காட்டியது. அதன் பக்கத்தில் அவருடைய தாயார் சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு தரையில் அமர்ந்திருந்தார்.

என் கருத்து

தரையைப் போட்டவர் தீயவர் அல்லர், சோம்பேறியும் அல்லர். குழாயை ஒழுங்காகவே பதித்திருந்தார். "20 சதுர மீட்டர் அறைக்கு 15 சென்டிமீட்டர் இடைவெளியில் குழாய்; பல ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறோம்" என்று சொன்னாராம். இங்கேதான் எனக்கு வழக்கு. எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு என்பது எல்லா நோயாளிக்கும் ஒரே மருந்து என்பது போன்றது. ஒவ்வோர் அறைக்கும் வெப்ப இழப்புக் கணக்கைப் போட்டு, அதை வீட்டுக்காரரிடம் காகிதத்தில் கொடுக்காமல் ஒரு மீட்டர் குழாய் கூடப் பதிக்கக் கூடாது என்பதே என் கருத்து. அந்தக் காகிதத்தைக் கேட்பது வீட்டுக்காரரின் உரிமை. அதைப் படித்துப் பார்ப்பது அவருடைய கடமையும் கூட.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? ரேடியேட்டர் போதவில்லை என்றால் கழற்றிவிட்டுப் பெரியதை மாட்டலாம். தரைக் குழாயை அப்படிச் செய்ய முடியாது. 6, 7 சென்டிமீட்டர் கலவைக்குள் அது பல பத்தாண்டுகள் புதைந்து கிடக்கப் போகிறது. திருத்த முடியாத வேலைக்கு முன்கணக்கு அவசியம்.

அந்தக் கணக்கு ஒவ்வொரு படியிலும் வழிகாட்டும். முதலில் தரைக்கு அடியிலுள்ள காப்பு. குழாயில் சராசரி 32½ டிகிரி நீர், கீழே மண் 10 டிகிரி என்று கொள்வோம். அடியில் 10 சென்டிமீட்டர் பாலிஸ்டைரீன் பலகை இருந்தால் ஒரு சதுர மீட்டருக்கு 8 வாட் மட்டுமே மண்ணுக்குப் போகும். 2 சென்டிமீட்டர் பலகை எனில் 39 வாட் போகும். மண்ணின் தடையைச் சேர்க்காத தோராயக் கணக்கு இது. ஆயினும் எத்தனை வித்தியாசம் பாருங்கள்! மண்புழுவுக்கு வெந்நீர் கொடுக்கவா வீட்டுக்காரர் பணம் செலவிடுகிறார்?

அடுத்தது குழாயின் நீளம். 16 சதுர மீட்டரில் 15 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் ஏறத்தாழ 107 மீட்டர். ஒரே சுற்றாக விட்டால் பம்பு திணறும், கடைசிப் பகுதிக்கு ஆறிய நீரே போய்ச் சேரும். சம நீளமுள்ள இரண்டு சுற்றுகளாகப் பிரிப்பதே நல்லது. தரைக்குள் இணைப்பு எதுவும் இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் குழாயின் சுவர் வழியே ஆக்சிஜன் ஊடுருவிக் கொதிகலனின் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆகவே அதைத் தடுக்கும் படலம் பூசிய குழாய் வேண்டும்.

பிறகு கலவை. 5 மீட்டர் தரை 15 டிகிரி சூடானால் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளும். அதற்கு இடம் கொடுக்கச் சுவரோரமெங்கும் மெத்தென்ற பட்டை வைக்க வேண்டும். இல்லையேல் தரை வெடிக்கும். குழாயில் நீரை அழுத்தி நிரப்பிக் கசிவு இல்லை என்று சோதித்து, அந்த அழுத்தத்தைக் குறைக்காமலே மேலே கலவையைப் போட வேண்டும். சிமென்ட் கலவை எனில் 21 நாள் பொறுத்து, முதல் 3 நாள் 20 முதல் 25 டிகிரி நீரும், அடுத்த 4 நாள் திட்டமிட்ட உச்ச வெப்பநிலையில் நீரும் ஓட்ட வேண்டும் என்பது விதி. கலவை போடும் முன் குழாய் ஓடும் வழியைப் படம் எடுத்து வைப்பதும் புத்திசாலித்தனம். பின்னாளில் ஆணி அடிப்பவர் வாழ்த்துவார்!

கடைசியாகத் தரையின் மேல் விரிப்பு. சதுர மீட்டருக்கு 43 வாட் செல்லும் தரையில் ஓடு பதித்தால் அதன் குறுக்கே அரை டிகிரிகூட வீழாது. தடித்த கம்பளம் விரித்தால் 6 டிகிரிக்கு மேல் வீழும். அந்த 6 டிகிரியை வெந்நீர்தான் ஈடு செய்ய வேண்டும்.

வெப்பத்தின் தரம்

வீட்டைச் சூடாக்க வேண்டியது 20 டிகிரிக்கு. அதற்காக ஆயிரம் டிகிரிக்கு மேல் சுடர்விடும் எரிவாயுவை எரிப்பது, ஈயை விரட்டப் பீரங்கியைப் பூட்டுவது போன்றது. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் சூடாக இருப்பதை நீங்கள் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். உள்ளிருக்கும் வெப்பத்தை அது வெளியே தள்ளுகிறது. அதே இயந்திரத்தால் வெளிக்காற்றின் வெப்பத்தை வீட்டுக்குள் தள்ளலாம். இதுதான் வெப்பப் பம்பு.

வெளியே 0 டிகிரி என்று கொள்வோம். கார்னோ காட்டிய எல்லைப்படி, 35 டிகிரி நீர் தயாரிக்கும் குறையற்ற இயந்திரம் ஒரு பங்கு மின்சாரத்துக்கு 8.8 பங்கு வெப்பம் தரும். 60 டிகிரி நீர் கேட்டால் 5½ பங்குதான். உண்மை இயந்திரங்கள் இதில் ஏறக்குறையப் பாதியையே எட்டும் என்றாலும் விகிதம் மாறாது. நீர் எவ்வளவு குறைந்த சூட்டில் போதுமோ, அவ்வளவு மின்சாரம் மிச்சம்.

நம் மாணவரின் அறைக்கே வருவோம். இனி வரும் கோடையில் வெளிச்சுவருக்குக் காப்புப் பலகை ஒட்டி, ஜன்னல் கண்ணாடியையும் மாற்றப் போகிறார். கசிவு எண் சுவருக்கு 0.25, ஜன்னலுக்கு 1.1 ஆகும்போது மொத்த இழப்பு 680 வாட்டுக்கு இறங்கிவிடும். சதுர மீட்டருக்கு 43 வாட். தரை 24 டிகிரி இருந்தால் போதும். 35 டிகிரியில் சென்று 30 டிகிரியில் திரும்பும் நீர், நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடினால் அறை நிறையும். இந்த 2 லிட்டரை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். நீரின் தன்வெப்பம் ஒரு கிலோகிராமுக்கு, ஒரு டிகிரிக்கு 4200 ஜூல்.

தரை வெப்பத்தில் குறை இல்லையா? உண்டு. அந்த 16 சதுர மீட்டர் கலவையின் நிறை 2 டன். அதை 4 டிகிரி உயர்த்த, 700 வாட்டில், வழியில் எதுவும் இழக்காவிட்டாலும் 3 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கோயில் தேரைப் போல அது மெல்லத்தான் நகரும், நினைத்த இடத்தில் நிற்காது. மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் பயன்படும் அறைக்கு இது ஏற்றதன்று. பழைய வீட்டில் தரை மட்டமும் உயரும், கதவுகளை அறுக்க நேரிடும். இவற்றையும் முன்கூட்டியே எடைபோட வேண்டும்.

பனியே பெய்யாத ஊரில் இருக்கும் நமக்கு இது எதற்கு என்று கேட்கலாம். வெப்பம் வெளியேறுவதற்கு எந்தச் சமன்பாடோ, நம் மொட்டை மாடி வழியே சித்திரை வெயில் உள்ளே இறங்குவதற்கும் அதே சமன்பாடுதான். அம்புக்குறி மட்டுமே திரும்புகிறது.

என் மாணவர் கல்லூரியில் வெப்ப இயலில் நல்ல மதிப்பெண் பெற்றவர். ஆனால் அந்தப் பாடத்தைத் தேர்வுத் தாளில் எழுதக் கற்றுக்கொடுத்த நான், சொந்த வீட்டின் சுவரில் எழுதிப் பார்க்கக் கற்றுக்கொடுக்கவில்லை. அந்தக் குறை என்னுடையது. உங்கள் வகுப்பில் அது நேராமல் இருக்கட்டும். ஓர் அளவு நாடாவையும் ஒரு வெப்பமானியையும் எடுத்துக்கொண்டு, இன்று மாலையே நீங்கள் படுத்துறங்கும் அறையை அளந்து பாருங்கள்.